திறந்தே இருந்த குழாய்

ஒன்பது வருடமாக
இரவு ஒன்பதுக்கு அடிக்கும் அலாரத்தை
இன்னும் அழிக்கவில்லை.
அடித்ததும் கை தானாகவே
அலமாரி மேல்தட்டுக்குப் போகிறது.
மாத்திரை அட்டை இருந்த இடத்தில்
பிரகேசனின் சவரக்கத்தி.

வெள்ளம் வந்து டோங்காட்டின்
தண்ணீர் நிலையத்தை அடித்துக்கொண்டுபோன
அதே ஏப்ரலில்தான் நிறுத்தினேன்.
இரண்டையும் சேர்த்துச் சொன்னால்
"ஊருக்கே வறட்சிதானே" என்பான்.
சொல்லிவிட்டு, சொன்னதற்காக
எல்லாப் பாத்திரங்களையும் அவனே கழுவுவான்,
ஒரே சொம்புத் தண்ணீரில்.

புதனும் சனியும் லாரி வரும்.
வாளிகளோடு தெருமுனையில் வரிசை.
இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என
எனக்கு முன்னால் எதிர்வீட்டு ரோகாஷ்னி.
"எத்தனை நாளாச்சு?" என்றாள்.
தண்ணீருக்குத்தான் கேட்டாள்.
நான் எண்ணிச் சொன்னது
வேறொரு கணக்கு.

கிளினிக்கில் சிஸ்டர் தாண்டேகா
என்னைவிடப் பத்து வயது சின்னவள்.
சூயிங்கம்மைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்:
மாத்திரை சாப்பிட்ட காலத்தில்
மாதாமாதம் வந்தது உன்னுடையது இல்லை,
அட்டை முடிந்ததற்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான்.
உன்னுடையது இனிமேல்தான் வரும்.
சிலருக்கு அடுத்த மாதமே,
சிலருக்குக் கொஞ்சம் பொறுத்து.

வீடு வரும்வரை அதையே நினைத்தேன்.
அப்படியானால் ஒன்பது வருடமும்
எனக்கு வந்தது லாரித் தண்ணீர்தானா?
நாள் தவறாமல், அளந்து ஊற்றி,
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதா?

முப்பத்தைந்து வயதில்
மோவாயில் பதினாறு வயதுப் பருக்கள்.
சீப்பில் கொத்தாக முடி.
மூக்கு திடீரென்று விழித்துக்கொண்டது.
பஸ் நிலையத்து மாங்காய் ஊறுகாய்
சாலை தாண்டி வந்து நிற்கிறது.
பிரகேசனின் பிடரி மணக்கிறது,
கரும்பாலைப் புகையும் சோப்பும் கலந்து.
இத்தனை நாள் எங்கே இருந்தது இந்த வாசனை,
இல்லை, நான்தான் எங்கே இருந்தேன்?

நடுவில் இரண்டு முறை சோதித்தேன்.
ஒற்றைக் கோடு, ஒற்றைக் கோடு.
இல்லை என்று சொல்வதற்கு
நூற்றிருபது ராண்ட்.

தண்ணீரே வராத மாதத்துக்கும்
பில் கேட்கும் கவுண்டரில்
உள்பக்கம் உட்கார்ந்திருப்பவள் நான்.
எழுபத்தோராம் நாள், வியாழன்,
ஒருவர் மேஜையைத் தட்டிக் கத்திக்கொண்டிருக்கையில்
இடது அடிவயிற்றில்
யாரோ பட்டாணித் தோலை
நகத்தால் கீறுவதுபோல் சுருக்கென்றது.
ஒரு நொடி. மறுபடி ஒரு நொடி.
சிரித்துவிட்டேன்.
அவர் இன்னும் உரக்கக் கத்தினார்.
அவர் கத்தியது நியாயம்தான்.

அதன்பின் பதினான்கு நாள்
யாரிடமும் சொல்லவில்லை.
கரும்புக்காடு எரிக்கும் பருவம்,
கொடித்துணியில் கருந்தூள் விழுந்தபடி இருந்தது.

பதினைந்தாம் நாள் விடிகாலை
கூப்பிடாமல் வந்தது,
எந்த அட்டவணையிலும் இல்லாத கிழமையில்.
அடர்ந்த சிவப்பு, கூடவே
மறந்தே போயிருந்த அந்த இடுப்புவலி.
குழந்தைக்குக் காத்திருப்பவள்
இதைக் கண்டு அழவேண்டும் என்பார்கள்.
நான் சேமித்த தண்ணீரில் முழு வாளி எடுத்து
நிதானமாக உள்ளாடை அலசினேன்.
அவ்வளவு செலவு செய்ய
அன்று மனசு வந்தது.

ஆலைக்குப் போன் செய்து
"வந்திருச்சு" என்றேன்.
இயந்திர இரைச்சலுக்குள்ளிருந்து
"எது, தண்ணியா?" என்றான்.
"ஆமா."

சாயங்காலம் ஓடிவந்தவன்
செருப்பைக்கூடக் கழற்றாமல்
சமையலறைக் குழாயில் காதை வைத்தான்.
தண்ணீர் வரும் சத்தம் கேட்கட்டும் என்று
ஏப்ரலிலிருந்து திறந்தே வைத்திருக்கும் குழாய்.
உள்ளே எங்கேயோ காற்று இருமியது.
காதை எடுக்காமலே என்னைப் பார்த்தான்,
கொடியில் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தான்.
எதுவும் கேட்கவில்லை.

ஒன்பதுக்கு அலாரம் அடித்தது.
அடித்து ஓயட்டும் என்று விட்டோம்.
குழாயை மூடவில்லை.